சின்னப் பலகைக்கு எத்தனை செட்டை?

பாண்டியன் கொடியில் மீன் பறந்தது. ஆனால் பாண்டியன் ஆண்ட மதுரையில் கடல் இல்லை!

பசுமலை மீது ஏறி நின்று நாலு திக்கும் பார்த்தாலும் வீடுகளும் வயல்களும் கண்மாய்களும்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால், ராமேசுவரத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆனால் கடல் தூரத்தில் இருந்தால் கடல் ஆசையும் தூரத்திலா இருக்கும்? அலை மீது பலகை போட்டு விளையாடும் ஆசை இப்போது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

பசுமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். விடுமுறையில் நண்பர்களோடு மகாபலிபுரம் போனான். அங்கே பெரிய துடுப்புப் பலகை ஒன்றில் ஏறி நின்று பழகினான். விழாமல் நிற்க வந்துவிட்டது. உடனே சொந்தமாக ஒரு பலகை வேண்டும் என்று ஆசை. அதுவும் வீரர்கள் வைத்திருப்பது போலச் சின்னப் பலகை!

பல மாதச் சேமிப்பைப் போட்டு வாங்கினான். கடலில் இறக்கினான்.

இடது பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினால், பலகையின் மூக்கு வலது பக்கம் ஓடுகிறது. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் ஓடுகிறது. நேராகப் போகவே மாட்டேன் என்கிறது. அலை வருவதற்குள் ஆள் தண்ணீரில்!

"இந்தப் பலகை சரியில்லை அப்பா. வித்துட்டு வேற வாங்கணும்" என்கிறான் மகன்.

"போட்ட பணம் என்னடா ஆகிறது?" என்கிறார் அப்பா.

யார் சொல்வது சரி?

அப்பா சொல்வதே சரி! குற்றம் பலகையில் இல்லாமல் இருக்கலாம். பலகைக்கு அடியில் இருக்கிற சின்னத் துண்டில் இருக்கலாம். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் செட்டை.

இரண்டு துடுப்பு

மீனுக்கு முதுகிலும் வயிற்றிலும் செட்டை இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதைத் துடுப்பு என்றும் எழுதியிருக்கும். படகு தள்ளுவதற்கும் துடுப்பு என்றுதான் பெயர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்!

துடுப்புப் பலகைக்கு இந்த இரண்டும் உண்டு. பலகை மேல் நிற்பவர் கையில் நீண்ட துடுப்பு. பலகையின் வால் பக்கம், தண்ணீருக்குள் செட்டை. விளையாடுபவர்கள் இதை 'ஃபின்' என்பார்கள்.

கைத்துடுப்பு பலகையை ஓட்டுகிறது. செட்டை பலகையைப் பிடித்து நிறுத்துகிறது. பக்கவாட்டில் வழுக்காமல் காப்பதும் அதுதான். அலை மீது திரும்பும்போது, ஊன்றித் திரும்ப உதவுவதும் அதுதான்.

தை மாதத் தெப்பத் திருவிழாவை மதுரைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலும் தெப்பம் நடக்கிறது. பசுமலைக்குப் பக்கத்திலேயே திருப்பரங்குன்றத்திலும் நடக்கிறது. தெப்பம் தானாகத் திசை பார்த்துப் போவதில்லை. வடம் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்த பக்கம் வருகிறது. வடத்தை விட்டுவிட்டால் காற்று தள்ளிய பக்கம் மிதக்கும்.

செட்டை இல்லாத பலகையும் தெப்பம் போலத்தான். தள்ளிய பக்கம் எல்லாம் போகும்.

நமக்குப் புதிதா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று சொல்பவர்கள் உண்டு.

அப்படிச் சொல்ல முடியாது. சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் கட்டி, அதன் மேல் ஏறித் துடுப்புப் போட்டு, அலையைக் கிழித்துக்கொண்டு போனவர்கள் நம் மீனவர்கள். அதுதான் கட்டுமரம். இங்கிலாந்து மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட தம் பயணப் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதினார். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்!

கட்டுமரத்தில் துடுப்பே சுக்கானாகவும் உதவியது. பாய் கட்டி ஓடும்போது, காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவதும் உண்டு. அந்தப் பலகை செய்த வேலைதான் இன்று செட்டை செய்கிற வேலை.

இன்று பல கரைகளில் ஃபைபர் படகு வந்துவிட்டது. கட்டுமரம் குறைந்துவிட்டது. ஆனால் அலையைப் படிக்கும் கண் போய்விடவில்லை. கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பழகி, மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். சேகர் பச்சை, துடுப்புப் பலகையில் தேசியச் சாம்பியன் ஆனார். 2025 ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மகாபலிபுரத்திலேயே நடந்தது. அதில் இந்திய வீரர் ரமேஷ் பூதிஹாள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்.

ஆகவே, இது நம் கடலுக்குப் பொருந்தாத விளையாட்டு அல்ல. தெரிந்து விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றிலிருந்து நான்கு வரை

பழைய ஹவாய்த் தீவுக்காரர்களின் பலகையில் செட்டை கிடையாது. திரும்ப வேண்டுமானால், ஒரு காலைத் தண்ணீரில் இழுத்துத் திருப்புவார்கள்.

1935-ல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், பழைய மோட்டார்ப் படகு ஒன்றின் அடிக்கட்டையைக் கழற்றித் தம் பலகையின் அடியில் பொருத்திப் பார்த்தார். பலகை வழுக்காமல் நேராக ஓடியது! ஒற்றைச் செட்டைக் கதை அங்கே தொடங்கியது.

பிறகு இரட்டைச் செட்டை வந்தது. ஆஸ்திரேலிய வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் அதை வைத்து 1979 முதல் 1982 வரை நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார். பலகை விறுவிறு என்று திரும்பியது. ஆனால் பெரிய அலையில் இரட்டைச் செட்டை வழுக்கியது. எல்லோராலும் அதை அடக்க முடியவில்லை.

அதே நாட்டுக்காரர் சைமன் ஆண்டர்சன், மூன்று செட்டை வைத்துப் பார்த்தார். 1981-ல் பெல்ஸ் பீச் என்ற இடத்தில் நடந்த போட்டியில் பெரிய அலைகள் எழுந்தன. அவருடைய மூன்று செட்டைப் பலகை உறுதியாக நின்றது. அவரே வென்றார். அன்று முதல் மூன்று செட்டைதான் பெரும்பாலோர் வழி.

நான்கு செட்டையும் உண்டு. பக்கத்துக்கு இரண்டு. நடுவில் ஒன்றும் இல்லை.

நின்று துடுப்புப் போடும் பழக்கம் ஹவாயில் முன்பே இருந்தது. 2000-க்குப் பிறகு லேயர்ட் ஹாமில்டன் போன்ற வீரர்கள் அதை எடுத்து நடத்தியதும், உலகம் எங்கும் பரவியது. பலகைகள் வர வரச் சின்னதாயின. அடியில் எத்தனை செட்டை என்ற கேள்வியும் அதோடு வந்தது.

பலகை எவ்வளவு சின்னது?

செட்டையைப் பற்றிப் பேசுமுன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் பலகை, தண்ணீரில் சுமார் ஒரு கிலோ எடையைத் தாங்கும். 60 கிலோ ஆள், 8 கிலோ பலகை, ஆக 68 கிலோ. 68 லிட்டர் பலகை என்றால், ஆளோடு சேர்ந்து மூழ்காமல் இருக்கும். ஆனால் அதன் மேல் நின்று துடுப்புப் போட முடியுமா? முடியாது! கணுக்கால் வரை தண்ணீர். அசைந்தால் விழ வேண்டியதுதான்.

நின்று பழகுகிறவருக்குத் தம் எடையைவிட நன்றாகக் கூடுதலான லிட்டர் வேண்டும். பலகை மிகவும் சின்னதாக இருந்தால், எந்தச் செட்டையும் காப்பாற்றாது. இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லிட்டர் போதுமானதாக இருந்தும் பலகை அலைபாய்கிறதா? அப்போதுதான் செட்டையைப் பார்க்க வேண்டும்.

நீளப் பலகையில் இந்தத் தொல்லை குறைவு. நீளமே அதை நேராக வைத்துக்கொள்ளும். பந்தயப் பலகைக்கு வாலில் ஒரே ஒரு பெரிய செட்டை போதும். அது நேராகப் போனால் சரி. சின்னப் பலகைக்கு நீளத்தின் உதவி இல்லை. நேராகவும் போக வேண்டும். அலையில் திரும்பவும் வேண்டும். ஆகவே, அதற்குச் செட்டைதான் உயிர்.

எது நல்லது?

புதிதாகச் சின்னப் பலகைக்கு வருகிறவர் மூன்று செட்டையில் தொடங்குவதே நல்லது. நடுச்செட்டை, பக்கத்துச் செட்டைகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

என்ன காரணம்?

அலை விளையாட்டில் அலை மேல் ஓடும் நேரம் கொஞ்சம். துடுப்புப் போட்டுக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கரையிலிருந்து அலையைக் கடந்து உள்ளே போக வேண்டும். நின்றபடியே காத்திருக்க வேண்டும். வருகிற அலையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இத்தனை நேரமும் பலகையை நேராக வைத்திருப்பது வாலில் உள்ள நடுச்செட்டை. அது இல்லாவிட்டால், ஆள் பலகையைத் திருத்தித் திருத்தியே களைத்துப் போவார். அலை வரும்போது கையில் பலம் இருக்காது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் உண்டு.

"நம் கரையில் பல நாள் அலை சிறிது. சிறிய அலையில் வேகம் வேண்டும். நான்கு செட்டைதான் வேகம் தரும்" என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. நடுச்செட்டை இல்லாததால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். பலகை விரைந்து போகும். வால் அகலமான பலகையில், ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டைகள் அலையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எடை கூடியவர்களுக்கும், பழகிய வீரர்களுக்கும் இது பிடிக்கும்.

ஆனால் வேகம் யாருக்கு வேண்டும்? அலையைப் பிடித்தவருக்கு வேண்டும். இன்னும் அலையைப் பிடிக்காதவருக்கு முதலில் வேண்டியது, விழாமல் அலை வரை போய்ச் சேருவது! சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பந்தயச் சைக்கிளை யாராவது கொடுப்பார்களா?

சாம்பியன் பலகையில் நான்கு இருக்கிறது என்பதற்காக, நம் பலகையிலும் நான்கு வைக்கக் கூடாது. அவர் கால் வேறு. நம் கால் வேறு.

ஒரு வழி உண்டு. சில பலகைகளில் செட்டை பொருத்த ஐந்து குழிகள் இருக்கும். மூன்றும் வைக்கலாம்; நான்கும் வைக்கலாம். வாங்கும்போது அப்படிப்பட்ட பலகையைக் கேட்டு வாங்கினால், இன்று மூன்று, நாளை நான்கு. பலகையை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

அளவும் சாய்வும்

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. செட்டையின் அளவும் வடிவமும் உண்டு.

எடை கூடியவருக்குப் பெரிய செட்டை. எடை குறைந்தவருக்குச் சிறியது. செட்டை பெரிதானால் பிடிப்பு அதிகம்; திருப்புவது கடினம். சிறிதானால் சுலபமாகத் திரும்பும், சுலபமாக வழுக்கும்.

நிமிர்ந்து நிற்கும் செட்டை, நின்ற இடத்தில் திரும்பும். பின்னால் சாய்ந்த செட்டை, வளைந்து நீளமாகத் திரும்பும்.

சில பலகைகளில் நடுச்செட்டைக்கு நீளமான குழி இருக்கும். அதில் செட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னால் தள்ளினால் பலகை நேராகப் போகும். முன்னால் தள்ளினால் சுலபமாகத் திரும்பும். இதற்குக் காசே வேண்டாம். ஒரு திருகாணியைத் தளர்த்தினால் போதும்!

ராமேசுவரம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் கடற்புல் நிறைய வளர்ந்திருக்கிறது. நிமிர்ந்த செட்டையில் புல் சிக்கிக்கொள்ளும். பலகை பிரேக் போட்டதுபோல் நிற்கும்; ஆள் முன்னால் விழுவார். அங்கே நன்றாகப் பின்னால் சாய்ந்த செட்டை வேண்டும். புல் தானாக வழுக்கிப் போய்விடும்.

மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப் பாறைகள் உண்டு. 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. ஆழம் இல்லாத இடத்தில் செட்டை பட்டால் பவளமும் உடையும்; செட்டையும் உடையும். தடை உள்ள இடத்துக்குப் போகவே கூடாது.

ஒரு நாள் சோதனை

செட்டையைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கடலில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு.

ஒரே நாள், ஒரே இடம், ஒரே பலகை. முதலில் மூன்று செட்டையோடு இறங்குங்கள். அலை இல்லாத இடத்தில், ஒரே பக்கமாகத் துடுப்புப் போடுங்கள். எத்தனை தள்ளுக்குப் பிறகு மூக்கு திரும்புகிறது? எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு சில அலைகளை ஓட்டிப் பாருங்கள்.

கரைக்கு வாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நடுச்செட்டையை மட்டும் பெரிதாக்குங்கள். அல்லது பின்னால் தள்ளுங்கள். மீண்டும் இறங்கி எண்ணுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எதனால் நல்லது நடந்தது என்று தெரியாது. குழம்பில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு, எது கூடிப் போயிற்று என்று கேட்பதுபோல!

மாட்டும்போதும் கவனம் வேண்டும். பக்கத்துச் செட்டையில் இடது வேறு, வலது வேறு. பெரும்பாலும் தட்டையான முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும். கூர்நுனி வால் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு, பலகையைத் திட்டிப் பயன் இல்லை.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குழியில் மணல் அடைத்துக்கொண்டால், அடுத்த முறை செட்டை உட்காராது. உப்பு ஏறினால் திருகாணி கழலாது.

கத்தி போன்றது

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

செட்டையின் ஓரம் மெல்லியது. வேகமாக வரும் பலகையில் அது கத்திக்குச் சமம்! சதையைக் கிழித்துவிடும். ஆகவே, குளிக்கும் கூட்டத்துக்கு நடுவே பலகை ஓட்டக் கூடாது. குழந்தைகள் விளையாடும் பக்கம் கொண்டு வரவே கூடாது. மீனவர் வலை போட்டிருக்கும் இடத்தை விட்டு விலகிப் போக வேண்டும்.

பலகையையும் காலையும் இணைக்கும் கயிற்றை எப்போதும் கட்டியிருக்க வேண்டும். விழும்போது பலகையை விட்டுத் தள்ளி விழ வேண்டும். தலைகீழாகப் பாயக் கூடாது. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வர வேண்டும்.

நீச்சல் தெரியாதவர் பலகையைத் தொடக் கூடாது. செட்டை உயிரைக் காக்கும் கருவி அல்ல.

பருவமும் பார்க்க வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ராமேசுவரத்தில் பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் கொந்தளிக்கும். கரையில் இருக்கும் மீனவப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால், எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்வார். "ஐயா, இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

சின்னச் செலவு முதலில்

இனி, பசுமலை வீட்டுக்குத் திரும்புவோம்.

மகன் பலகையை விற்கத் தேவையில்லை. பாதி விலைக்கு விற்றுவிட்டு, முழு விலைக்கு வேறு வாங்கினால் நஷ்டம்தான். அந்தப் புதுப் பலகையிலும் செட்டை தவறாக இருந்தால்? மறுபடியும் அதே கதைதான்!

அவன் முதலில் பலகையைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். எத்தனை செட்டை இருக்கிறது? நடுவில் ஒன்று உண்டா? சரியான பக்கம் மாட்டியிருக்கிறதா? நகர்த்த முடிந்தால் பின்னால் நகர்த்தட்டும். அதற்கும் சரிப்படவில்லை என்றால், கொஞ்சம் பெரிய நடுச்செட்டை ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். பிறகு காசு கொடுத்து வாங்கட்டும். ஒரு செட்டையின் விலை எங்கே, ஒரு பலகையின் விலை எங்கே!

இத்தனைக்குப் பிறகும் சரிப்படவில்லை என்றால், அப்போது பலகை பெரிதாக வேண்டும் என்று பொருள். அதில் வெட்கம் இல்லை. பெரிய பலகையில் நன்றாக ஓட்டுபவர், சின்னப் பலகையிலிருந்து விழுபவரைவிட அதிக அலை பிடிப்பார்.

பொருள் வேலை செய்யாதபோது, பொருளையே தூக்கி எறிவது இந்தக் காலத்து வழக்கம் ஆகிவிட்டது. எங்கே பிழை என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. சின்னப் பிழையைத் திருத்தினால் பெரிய செலவு மிச்சம். இது கடலுக்கும் பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும்.

"போட்ட பணம் என்னடா ஆகிறது?" என்று அப்பா கேட்டார் அல்லவா? அவருக்குக் கடல் தெரியாது. அலை தெரியாது. செட்டை என்றால் மீன் செட்டைதான் தெரியும்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார்!